‘இன்னைக்கு நீதான் பூமி!’: நடிச்சுக் காட்டினா குழந்தைகளுக்கு அறிவியல் புரியுமா? ரோல் ப்ளே பற்றி முழு விளக்கம்

தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28 வந்தால் போதும், நம்ம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க குட்டி விஞ்ஞானிகள்தான். நரைத்த விக், கோட்டு, கையில் அட்டை ராக்கெட். மைக் முன்னாடி வந்து நிற்கும் ஒண்ணாம் கிளாஸ் குழந்தை, ‘நான்தான் அப்துல் கலாம்’ என்று ஆரம்பித்து மனப்பாடம் செய்த நாலு வரியை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அம்மா எங்கே என்று கூட்டத்தில் தேடும். எல்லோரும் கைதட்டுவோம். போட்டோ எடுப்போம்.

சரி, கீழே இறங்கிய அந்தக் குழந்தையிடம், ‘ராக்கெட் எப்படிப்பா மேல போகுது?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. அது குழந்தையின் தப்பு இல்லை. அந்தக் கேள்வியை யாரும் அதுகிட்ட கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் இதே நடிப்பை வேறு மாதிரி பயன்படுத்தினால், சின்னக் குழந்தைகளுக்கு அறிவியலைச் சொல்லிக்கொடுக்க நல்ல வழியாக இருக்கும் என்கிறார்கள் கல்வியாளர்கள். அறிவியல் நமக்கு வராது என்று ஒதுங்கும் பெண் குழந்தைகளைக்கூட இது மாற்றும் என்று காட்டும் ஆய்வும் இருக்கிறது. அது எப்படி? எங்கே சறுக்கும்? நம்ம பள்ளிகளில் இது நடக்குமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மாறுவேடப் போட்டி வேற, ரோல் ப்ளே வேற

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மாறுவேடப் போட்டியில் வசனம் ரெடி. குழந்தை அதை ஒப்பிக்கும். பார்ப்பவர்கள் பெரியவர்கள். பரிசு உடைக்கும் உச்சரிப்புக்கும்.

ரோல் ப்ளே அப்படி இல்லை. இங்கே குழந்தைக்கு ஒரு பாத்திரம் மட்டும் கொடுக்கப்படும். பூமி, தேனீ, தவளை, டாக்டர், வானிலை ஆய்வாளர், எது வேண்டுமானாலும் இருக்கலாம். அடுத்து என்ன செய்வது என்பதை அந்தக் குழந்தைதான் யோசிக்க வேண்டும். உடை தேவையில்லை. மேடை தேவையில்லை. கைதட்ட ஆள் தேவையில்லை. கேள்விதான் முக்கியம்.

இதில் இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று, குழந்தைகள் பொருளாகவோ உயிரினமாகவோ மாறுவது. நிலா, நீர்த்துளி, விதை மாதிரி. கண்ணுக்குத் தெரியாத ஒரு நிகழ்வை உடம்பால் செய்து பார்ப்பது.

இன்னொன்று, குழந்தைகள் நிபுணர்களாக மாறுவது. ‘நம்ம ஊர் ஏரித் தண்ணி கலங்கிப் போச்சு. நீங்கதான் ஆய்வுக் குழு. என்னென்ன பார்க்கணும்?’ என்று ஆசிரியர் கேட்பார். இங்கே ஆசிரியரும் நடிப்பார், ஊர்த் தலைவராக வந்து புகார் சொல்வார். இங்கிலாந்தைச் சேர்ந்த நாடகக் கல்வியாளர் டோரத்தி ஹீத்கோட் 1980-களில் வளர்த்தெடுத்த முறை இது. ‘நிபுணரின் போர்வை’ என்று தமிழில் சொல்லலாம். போர்வையைப் போர்த்திக்கொண்ட குழந்தை, அதற்கு ஏற்ற பொறுப்போடு யோசிக்க ஆரம்பிக்கும் என்பதுதான் இதன் அடிப்படை.

ஒரு வகுப்பு, ஒரு லைட்டு, ஒரு கேள்வி: ராத்திரி ஏன் வருது?

எப்படி நடக்கும் என்று புரிந்துகொள்ள, ஒரு மூணாம் கிளாஸ் வகுப்பறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஜன்னலைச் சாத்தியாச்சு. ஒரு பையன் கையில் டார்ச் லைட். அவன்தான் சூரியன். அவன் நகரக் கூடாது. எதிரில் ஒரு பெண் குழந்தை. அவள்தான் பூமி. அவளுடைய மூக்குதான் நம்ம ஊர்.

‘பூமி, இப்ப உனக்கு லைட்டு தெரியுதா?’

‘தெரியுது மிஸ்.’

‘அப்ப நம்ம ஊர்ல என்ன நேரம்?’

‘பகல்.’

‘அப்படியே உன் இடது கைப் பக்கமா மெதுவா சுத்து. லைட்டு எப்ப மறையுதுன்னு சொல்லு.’

அவள் சுற்றுகிறாள். வெளிச்சம் வலது கண்ணின் ஓரத்துக்குப் போய் மறைகிறது. ‘போயிடுச்சு மிஸ்!’ இப்போது அவள் முதுகுதான் சூரியன் பக்கம். நம்ம ஊரில் ராத்திரி. இன்னும் சுற்றினால் இடது பக்க ஓரத்தில் மறுபடி வெளிச்சம் எட்டிப் பார்க்கிறது. விடிஞ்சாச்சு.

இப்போது மிஸ் கேட்கிறார்: ‘சூரியன் நகர்ந்துச்சா?’ வகுப்பே கத்துகிறது, ‘இல்ல மிஸ், அவதான் சுத்தினா!’

இந்த நாலு நிமிஷத்தில் இன்னொரு விஷயமும் தானாக நடந்திருக்கிறது. அவளுடைய இடது கை கிழக்கு, வலது கை மேற்கு. வெளிச்சம் இடது பக்கம் வந்து வலது பக்கம் போனது. சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறைவது போலத் தெரிவதற்குக் காரணம், பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுவது. புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் விஷயம், இங்கே அவள் கண் ஓரத்தில் நடந்திருக்கிறது.

அடுத்து நிலா. மூன்றாவது குழந்தை பூமியைச் சுற்றி வர வேண்டும். ஒரே கண்டிஷன்: முகம் எப்போதும் பூமியைப் பார்த்தே இருக்கணும். ஒரு சுற்று முடித்ததும் வகுப்பிடம் கேளுங்கள், ‘நிலா தன்னைத்தானே சுத்திக்கிச்சா, இல்லையா?’ பாதி பேர் இல்லை என்பார்கள். அந்தக் குழந்தை நான்கு சுவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டது என்பதைக் கவனித்தவர்கள், ஆமா என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. நிலா பூமியைச் சுற்றவும் தன்னைத்தானே சுற்றவும் ஏறக்குறைய 27 நாள்தான் எடுத்துக்கொள்கிறது. நமக்கு நிலாவின் ஒரே முகம் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

சொன்னா புரியாதா? ஏன் நடிக்கணும்?

நியாயமான கேள்வி. ‘பூமி உருண்டை’ என்று சொல்லிக்கொடுத்தால் போதாதா?

போதாது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1992-ல் ஸ்டெல்லா வோஸ்னியாடோ, வில்லியம் ப்ரூவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அமெரிக்கத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் பூமியைப் பற்றிக் கேட்டார்கள். நிறைய குழந்தைகள் ‘பூமி உருண்டை’ என்று சரியாகவே சொன்னார்கள். ஆனால் தோண்டித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சிலருக்குப் பூமி என்பது உள்ளே வெற்றிடமான பந்து, நாம் அதற்குள்ளே தட்டையான தரையில் நிற்கிறோம். சிலருக்கு இரண்டு பூமி. ஒன்று வானத்தில் இருக்கும் உருண்டை, இன்னொன்று நாம் நிற்கும் தட்டைத் தரை.

அதாவது, டீச்சர் சொன்னதையும் விடவில்லை, கண்ணால் பார்த்ததையும் விடவில்லை. இரண்டையும் ஒட்டுப்போட்டு ஒரு உலகத்தைக் கட்டிக்கொண்டார்கள். பரீட்சையில் ‘உருண்டை’ என்று எழுதினால் ஒரு மார்க் கிடைக்கும். மனசுக்குள் இருப்பது வேறு.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். 1987-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா அன்று எடுக்கப்பட்ட ஒரு ஆவணப்படம் கல்வி உலகில் ரொம்பப் பிரபலம். கோடையும் குளிரும் ஏன் வருகிறது என்று அங்கே இருந்த 23 பேரிடம் கேட்டார்கள். 21 பேரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது கோடை என்பதுதான் பலரின் பதில். உண்மையில் பூமியின் அச்சு சாய்ந்திருப்பதுதான் காரணம்.

குழந்தை மனசுக்குள் என்ன படம் இருக்கிறது என்பதை ரோல் ப்ளே வெளியே கொண்டுவந்துவிடும். பூமியாக நிற்கும் குழந்தை, ராத்திரி ஆனதும் சூரியனைப் போர்வையால் மூடச் சொன்னால், ராத்திரியில் சூரியன் ‘அணைந்துவிடுகிறது’ என்று அது நம்புவது ஆசிரியருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். எழுத்துத் தேர்வில் இது தெரியவே தெரியாது.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, விளையாட்டில் இருக்கும் குழந்தை தன் வயதைத் தாண்டி நடந்துகொள்ளும் என்று விளக்கியிருக்கிறார். சும்மா நில் என்றால் ஒரு நிமிஷம் நிற்காத பையன், ‘நீ வாட்ச்மேன்’ என்றால் அஞ்சு நிமிஷம் ஆடாமல் நிற்பான். வீட்டில் பார்த்திருப்பீர்களே!

பேட்மேனும் மேரி கியூரியும்: ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2017-ல் வெளியான ஒரு ஆய்வு. 4 வயது, 6 வயதுக் குழந்தைகள் 180 பேருக்கு, 10 நிமிஷம் செய்ய வேண்டிய போரடிக்கும் வேலை ஒன்று கொடுக்கப்பட்டது. பக்கத்திலேயே ஒரு டேப்லெட், அதில் ஜாலியான கேம். எப்போது வேண்டுமானாலும் போய் விளையாடலாம். சில குழந்தைகளிடம் ‘நீ பேட்மேன்’, ‘நீ டோரா’ என்று ஒரு கதாபாத்திரமாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கடைசியில் அதிக நேரம் வேலையில் நின்றது அந்தக் குழந்தைகள்தான். இதற்கு ‘பேட்மேன் எஃபெக்ட்’ என்றே பெயர் வந்துவிட்டது.

அடுத்தது நம்ம தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. 2022-ல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியானது. 4 முதல் 7 வயது வரையிலான 240 அமெரிக்கக் குழந்தைகள், சவாலான ஒரு அறிவியல் விளையாட்டு விளையாடினார்கள். மூன்று குழுக்கள்.

முதல் குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. நேராக விளையாட்டு.

இரண்டாவது குழுவுக்கு ஒரு விஞ்ஞானியின் கதை சொன்னார்கள். பெண் குழந்தைகளுக்கு மேரி கியூரி, ஆண் குழந்தைகளுக்கு ஐசக் நியூட்டன்.

மூன்றாவது குழுவுக்கும் அதே கதைதான். ஆனால் கூடுதலாக, அந்த விஞ்ஞானியாகவே நடித்து விளையாட வேண்டும்.

ரிசல்ட்? கதையை மட்டும் கேட்ட பெண் குழந்தைகளிடம் மாற்றம் இல்லை. மேரி கியூரியாக நடித்த பெண் குழந்தைகள், எதுவும் சொல்லப்படாத குழுவைவிட அதிக நேரம் விடாமல் முயற்சி செய்தார்கள். ஆண் குழந்தைகளுக்குச் சமமாக நின்றார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்கணும். சாதனைப் பெண்களின் படத்தைச் சுவரில் ஒட்டுவது, கதை சொல்வது, இதெல்லாம் நாம் செய்வதுதான். அந்த வயதில் அது மட்டும் போதவில்லை. ‘அவங்க பெரிய ஆள்’ என்று கேட்பதற்கும், ‘இப்ப நான்தான் அவங்க’ என்று செய்து பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 2019-ல் அதே ஆய்விதழில் வந்த இன்னொரு ஆய்வில், சின்னக் குழந்தைகளிடம் இரண்டு விதமாகப் பேசிப் பார்த்தார்கள். ஒரு குழுவிடம் ‘வாங்க, அறிவியல் செய்யலாம்’ என்றார்கள். இன்னொரு குழுவிடம் ‘வாங்க, விஞ்ஞானியா இருக்கலாம்’ என்றார்கள். விளையாட்டில் தோல்வி வந்தபோது, ‘செய்யலாம்’ என்று கேட்ட பெண் குழந்தைகள்தான் அதிகம் தாக்குப்பிடித்தார்கள்.

இரண்டும் முரண்படுகிற மாதிரி இருக்கா? முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சேர்த்துப் படித்தால் ஒரு விளக்கம் கிடைக்கிறது. ‘விஞ்ஞானி’ என்று பொதுவாகச் சொன்னதும் குழந்தை மனதில் வரும் உருவம் தன்னைப் போல இல்லாவிட்டால், ‘நான் அந்த ஆள் இல்லையே’ என்ற சந்தேகம் வரும். ஒரு தடவை தோற்றால் அந்தச் சந்தேகம் உறுதியாகிவிடும். குறிப்பிட்ட ஒரு பெண்ணாக, அவர் பட்ட கஷ்டத்தையும் தெரிந்துகொண்டு நடிக்கும்போது அந்தச் சந்தேகத்துக்கு இடம் குறைகிறது. அதனால் யாராக நடிக்கிறோம் என்பது முக்கியம்.

ஆறு வயசுல என்ன நடக்குது?

இது ஏன் அவசரமான விஷயம்? 2017-ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியான ஒரு ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. ‘ரொம்ப ரொம்பப் புத்திசாலி’ யார் என்று குழந்தைகளிடம் கேட்டார்கள். 5 வயதில் பெண் குழந்தைகள் பெண்களையும், ஆண் குழந்தைகள் ஆண்களையும் காட்டினார்கள். வித்தியாசம் இல்லை. 6 வயதிலிருந்து கதை மாறியது. பெண் குழந்தைகள் தங்கள் இனத்தைக் காட்டுவது குறைந்தது. ‘ரொம்பப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு’ என்று சொன்னால் அதிலிருந்தும் ஒதுங்க ஆரம்பித்தார்கள்.

அதுவும் அமெரிக்காவில் நடந்த ஆய்வுதான். நம்ம ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஆறு வயது என்பது ஒண்ணாம் கிளாஸ். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று வீட்டில் பஞ்சாயத்து நடப்பதற்கு ஒன்பது, பத்து வருஷம் முன்னாடி. ‘பொண்ணுக்கு மேத்ஸ் வராது’ என்ற முடிவு எங்கே தொடங்குகிறது என்று தேடினால், நாம் நினைப்பதைவிட ரொம்பப் பின்னாடி போக வேண்டியிருக்கும்.

உங்கள் பள்ளி நாடகத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். யார் பூ, யார் விஞ்ஞானி? மூணாம் கிளாஸ் ஆண்டு விழாவில் என் வேஷம் மரம். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். ‘அசையாம நில்லு, அழகா இருக்கும்’ என்றார்கள். மரம் ஏன் முக்கியம் என்று வசனம் பேசியவன் என் பெஞ்ச் பையன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த அறிவியல், கை வலிக்கும் என்பது மட்டும்தான்.

மேரி கியூரிதான் வேண்டும் என்றில்லை. நமக்குப் பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

• ஜானகி அம்மாள்: 1897-ல் தலச்சேரியில் பிறந்த தாவரவியலாளர். சென்னையில் படித்தவர். கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பு இனங்களைக் கலப்பு செய்து ஆய்வு செய்தவர்.

• அன்னா மணி: 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். மழை, காற்று, சூரிய வெப்பத்தை அளக்கும் கருவிகளை இந்தியாவிலேயே தயாரிக்கப் பாடுபட்டவர்.

• நிகர் ஷாஜி: தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்தவர். 2023-ல் சூரியனை ஆராய அனுப்பப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர்.

எங்கே சறுக்கும்?

ரோல் ப்ளே எல்லாவற்றுக்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தப்பாகச் செய்தால் தப்பான அறிவியலையே அழுத்தமாகப் பதிய வைத்துவிடும். உடம்பால் கற்றது சீக்கிரம் மறக்காது, தப்பும் சேர்த்துத்தான்.

உதாரணம் 1: ரத்த ஓட்டம். தரையில் சாக்பீஸால் இதயம், நுரையீரல் வரைவார்கள். ஆக்சிஜன் உள்ள ரத்தம் சிவப்பு அட்டை, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் நீல அட்டை. குழந்தைகள் ஓடி ஓடி அட்டையை மாற்றுவார்கள். சூப்பராக இருக்கும். கடைசியில் ‘உடம்புக்குள்ள நீல ரத்தம் ஓடுது’ என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். உண்மையில் அது அடர் சிவப்புதான்.

உதாரணம் 2: திட, திரவ, வாயு. தோளோடு தோள் ஒட்டி, நின்ற இடத்திலேயே அதிர்ந்தால் திடப்பொருள். உரசிக்கொண்டே இடம் மாறினால் திரவம். ஆளுக்கொரு பக்கம் ஓடினால் வாயு. நல்ல விளையாட்டுதான். ஆனால் சூடு ஏறும்போது சில குழந்தைகள் கையை விரித்துத் தங்களையே பெரிசாக்கிக் காட்டுவார்கள். துகள் பெரிசாவதில்லை, துகள்களுக்கு நடுவே இடைவெளிதான் கூடுகிறது. ஆசிரியர் அந்த இடத்தில் நிறுத்திக் கேட்கவில்லை என்றால் போச்சு.

உதாரணம் 3: தேனீ. ‘பூவே, உனக்கு நான் உதவி செய்ய வந்திருக்கேன்’ என்று வசனம் எழுதிக் கொடுப்போம். தேனீ பூவுக்கு உதவ வரவில்லை. தேனுக்காக வருகிறது. மகரந்தம் ஒட்டிக்கொள்வது தேனீ நினைத்துச் செய்வதில்லை. உயிரில்லாததற்கும் பூச்சிக்கும் மனித மனசைக் கொடுப்பது குழந்தைகளின் இயல்பு. நாமும் அதைத் தூண்டிவிடக் கூடாது.

உதாரணம் 4: அளவு. மேலே பார்த்த சூரியன் விளையாட்டிலேயே ஒரு பொய் இருக்கிறது. பூமியை ஒரு சென்டிமீட்டர், அதாவது ஒரு கொண்டைக்கடலை அளவு என்று வைத்துக்கொள்வோம். நிலா 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பெரிய கடுகு அளவில் இருக்கும். சூரியன் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான குறுக்களவில், கிட்டத்தட்ட 118 மீட்டர் தள்ளி இருக்கும். வகுப்பறையைத் தாண்டி, பல பள்ளிகளில் காம்பவுண்ட் சுவரையே தாண்டி!

இதற்கு ஒரு எளிய தீர்வு, விளையாட்டு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: ‘நாம இப்ப நடிச்சதுல எது நிஜம், எது சும்மா?’

குழந்தைகள் ஆர்வமாகப் பட்டியல் போடுவார்கள். ‘சூரியனுக்குக் கை இல்ல’, ‘பூமி அவ்ளோ சின்னது இல்ல’, ‘நிலா கீழ விழாது மிஸ், இவன்தான் விழுந்தான்’. ஒரு மாதிரி எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பார்ப்பது பெரிய விஞ்ஞானிகள் செய்யும் அதே வேலை. பத்து நிமிஷ நடிப்புக்கு அஞ்சு நிமிஷம் இந்தப் பேச்சு கட்டாயம். இது இல்லாவிட்டால் அது வெறும் நாடகம்.

இன்னொன்று, நடித்ததோடு நிறுத்தக் கூடாது. ராத்திரி பகல் விளையாட்டு முடிந்த மறுநாள், மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு காலை, மதியம், மாலை நிழலைக் குறித்துப் பார்க்கணும். நடித்தது நிஜத்தோடு ஒத்துப்போகுதா என்று சரிபார்க்கும் இடம் அதுதான்.

இது நம்ம ஊருக்குப் புதுசா?

இல்லவே இல்லை. அறிவியலை நாடகமாக்கித் தெருவுக்குக் கொண்டுபோனதில் தென்னிந்தியாவுக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. 1962-ல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980-ல் ‘சாஸ்திர கலா ஜாதா’ என்ற பயணத்தைத் தொடங்கியது. பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகப் போனார்கள். 1990-ல் நாடு முழுக்க நடந்த ‘பாரத் ஞான் விஞ்ஞான் ஜாதா’விலும், அடுத்து வந்த அறிவொளி இயக்கத்திலும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கலைக் குழுக்கள் வீதி நாடகம் போட்டது நம்ம அப்பா அம்மா தலைமுறைக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். 2021-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோதும் கலைக் குழுக்கள்தான் வீதிகளில் இறங்கிப் பிரசாரம் செய்தன.

ஆனால் அதிலெல்லாம் பெரும்பாலும் நடித்தது பெரியவர்கள். வகுப்பறையில் குழந்தையே நடிக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

கொள்கை அளவில் இதற்குத் தடை எதுவும் இல்லை. தேசியக் கல்விக் கொள்கையில் மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் மோதிக்கொண்டாலும், சின்ன வகுப்புகளில் விளையாட்டு வழிக் கற்றல் வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 3 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்காக மத்திய அரசு 2022 அக்டோபரில் வெளியிட்ட கலைத்திட்டக் கட்டமைப்பு, விளையாட்டையே மையமாக வைக்கிறது. தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றலுக்குப் பிறகு, 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. ஆடல், பாடல், கதை, பொம்மலாட்டம் எல்லாம் அதில் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘வானவில் மன்றம்’ அறிவியல் செய்முறைகளைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது. ஆனால் அது 6 முதல் 8-ம் வகுப்பு வரைக்கும்தான்.

ஆக, சின்ன வகுப்பில் முக்கியத்துவம் எழுத்துக்கும் எண்ணுக்கும். செய்முறை அறிவியல் ஆறாம் வகுப்பில். ‘ராத்திரி ஏன் வருது’ என்று குழந்தை தானாகக் கேட்கும் வயதோ இரண்டுக்கும் முன்னாடி. இந்த இடைவெளியில்தான் ரோல் ப்ளேவுக்கு வேலை இருக்கிறது. செலவும் கிடையாது.

அப்போ ஏன் நடக்கல?

செலவு இல்லை என்பது உண்மை. ஆனால் நேரமும் சத்தமும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பல தொடக்கப் பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒரே அறையில் ஒரு பக்கம் இரண்டாம் வகுப்பு தேனீயாகப் பறந்தால், மறுபக்கம் நாலாம் வகுப்பு கணக்குப் போட முடியாது. தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்து, ‘என்ன சந்தைக்கடை மாதிரி’ என்பார். தனியார் பள்ளியில் வேறு சிக்கல். ஒரு பீரியடு போனால் போர்ஷன் முடியாது, நோட்டில் எழுதியது குறைந்தால் பெற்றோர் கேட்பார்கள்.

இதற்குக் குறைந்தபட்சம் மூன்று விஷயம் உதவும்.

ஒன்று, பாடத்துக்கு ஒரு பத்து நிமிஷ விளையாட்டு போதும். முழு பீரியடு வேண்டாம். ஈராசிரியர் பள்ளியில் பல வகுப்பும் சேர்ந்தே விளையாடலாம், பெரிய வகுப்புப் பிள்ளை கேள்வி கேட்பவராக இருக்கலாம்.

இரண்டு, நடிக்காத பிள்ளைகளுக்கும் வேலை கொடுக்கணும். ‘அடுத்து என்ன ஆகும்?’ என்று முன்கூட்டியே சொல்வது அவர்கள் பொறுப்பு. இல்லாவிட்டால் நாலு பேர் நடிக்க, முப்பது பேர் சேட்டை செய்வார்கள்.

மூன்று, பாத்திரம் சுழற்சியில் வரணும். நன்றாகப் பேசும் பிள்ளையே எப்போதும் சூரியன் என்றால், பேசாத பிள்ளை எப்போதும் மரம்தான். கூச்சப்படும் குழந்தையை வற்புறுத்தவும் வேண்டாம். விளக்கைப் பிடிப்பது, நூலைப் பிடிப்பதில் ஆரம்பிக்கலாம்.

வீட்டுல செய்ய மூணு விளையாட்டு

1. நீதான் தேனீ: நாலு பேப்பர் கப், அதுதான் பூ. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கடலை மிட்டாய். முதல் கப்பின் விளிம்பில் மட்டும் மஞ்சள் தூள். தேனீ கையை விட்டு மிட்டாயை எடுத்துவிட்டு அடுத்த பூவுக்குப் போகணும். கடைசியில் எந்தெந்தக் கப்பில் மஞ்சள் ஒட்டியிருக்கு என்று பாருங்கள். ‘நீ மஞ்சளைக் கொண்டுபோகணும்னு நினைச்சியா?’ என்று கேட்க மறக்காதீர்கள். கை கழுவிவிட்டுத்தான் மிட்டாய்!

2. நீதான் தவளை: பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஒருவர் நெல், ஒருவர் வெட்டுக்கிளி, ஒருவர் தவளை, ஒருவர் பாம்பு, ஒருவர் கழுகு. யார் யாரைச் சாப்பிடுகிறார்களோ அவர்களுக்கு இடையே நூலைக் கட்டுங்கள். இப்போது தவளை நூலைக் கீழே போடட்டும். யாருக்கு நூல் தளர்ந்தது? வயலில் தவளையே இல்லை என்றால் வெட்டுக்கிளி என்ன ஆகும், நெல் என்ன ஆகும்? பதிலை நீங்கள் சொல்லாதீர்கள்.

3. நீதான் அன்னா மணி: மழைக்காலத்துக்கு ஏற்ற விளையாட்டு. நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் பகுதியை நீங்கள் வெட்டிக் கொடுங்கள். அதைத் தலைகீழாக உள்ளே வைத்தால் புனல் ரெடி. அடியில் கூழாங்கல் போட்டு, சமமான அளவு வரை தண்ணீர் ஊற்றி, அதைப் பூஜ்ஜியமாகக் குறித்து ஸ்கேல் ஒட்டுங்கள். மொட்டை மாடியில் வையுங்கள். தினமும் காலையில், ‘மணி மேடம், நேத்து எவ்வளவு மழை?’ என்று கேளுங்கள். 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 10 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். டிவியில் சொல்லும் மழை அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே மாதிரி இல்லை என்றால் இன்னும் நல்லது. ஏன் என்று விசாரிக்க வேண்டிய பொறுப்பு இப்போது ‘மணி மேடத்துக்கு’.

அடுத்த அறிவியல் தினத்துக்கு வேஷம் போடத்தான் போகிறோம், போடுங்கள், தப்பே இல்லை. விக் வாங்கும்போது கூடவே ஒரு டார்ச் லைட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு வரி வசனத்துக்குப் பதிலாக அந்த விஞ்ஞானி எதைக் கண்டுபிடிக்க எத்தனை தடவை தோற்றார் என்று சொல்லிக்கொடுத்து, ‘அவங்க இடத்துல நீ இருந்தா அடுத்து என்ன பண்ணுவ?’ என்று கேளுங்கள். உங்கள் பொண்ணு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஏதோ ஒரு பதில் சொல்வாள். அது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, செய்து பார்க்க விடுங்கள்.